தாய்ச்சி மாஸ்டர் ஊருக்கு வந்தால்: சேருவதற்கு முன் விசாரிப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், விளம்பரத் தாள் ஒட்டாத விளக்குக் கம்பம் குறைவு. வட்டிக் கடன், டியூஷன், குழாய் ரிப்பேர், அப்புறம் இப்போது தாய்ச்சி, மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலை. வெள்ளைப் பட்டுடை போட்ட ஒருவர் ஒற்றைக் காலில் நிற்பார். கீழே "கிராண்ட்மாஸ்டர்", "சீனாவில் நேரடிப் பயிற்சி", "முட்டி வலி, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, பக்கவாதம்", "முதல் வகுப்பு இலவசம்" என்று இருக்கும். கைப்பேசி எண் இருக்கும், முழுப்பெயர் இருக்காது.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்கும் அம்மாவுக்கும், அவரை மோட்டாரில் கொண்டுபோய் விடப்போகும் பிள்ளைக்கும்தான் இந்த வழிகாட்டி. பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தே முட்டி தேய்ந்த தலைமுறை அது. விடியுமுன் நெற்றி விளக்கோடு மேட்டுக்காட்டில் ஏறி இறங்கி, வெட்டு கீழே வர வரக் குனிந்தே வேலை பார்த்தவர்கள். அந்த வலி பொய் இல்லை. 55 வயதில் கைக்கு வந்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணமும் பொய் இல்லை. வலியும் பணமும் ஒரே வீட்டில் இருக்கின்றன என்பது மாஸ்டர்களுக்கும் தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய்ச்சி நல்ல பயிற்சி. நான் சந்தேகப்படச் சொல்வது ஆளை. ஆளைச் சந்தேகித்ததற்காகப் பயிற்சியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பயிற்சி நல்லது என்பதற்காக ஆளை நம்பவும் வேண்டியதில்லை.

முதல் படி: தாய்ச்சி எதைச் செய்யும் என்று தெரிந்துகொண்டு போங்கள்

வெறுங்கையோடு போனால் மாஸ்டர் சொல்வதுதான் அளவுகோல் ஆகிவிடும். அதனால் ஆய்வுகளில் தேறியது எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வயதானவர்கள் தடுக்கி விழுவதைக் குறைப்பதில்தான் தாய்ச்சிக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2019 கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், தாய்ச்சி செய்தவர்களில் விழுந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முட்டித் தேய்மானத்துக்கு 2016-ல் அமெரிக்காவில் 204 பேரிடம் ஒரு பரிசோதனை நடந்தது. வாரம் இரண்டு முறை, 12 வாரம். வலி குறைவதில் தாய்ச்சியும் பிசியோதெரபியும் ஏறக்குறைய சமமாக வந்தன. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடத்திய 2012 பரிசோதனையில், எடைப் பயிற்சி செய்தவர்களையும் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களையும் விடத் தாய்ச்சி செய்தவர்களுக்கு உடல் சமநிலை நன்றாக இருந்தது.

இவ்வளவும் சாதாரண ஆசிரியர்களிடம், வாரக்கணக்கில், விடாமல் செய்து கிடைத்த பலன். யாரும் யாருக்கும் "சீ" என்று சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தியை ஏற்றவில்லை. சிறுநீரகம் திரும்ப வேலை செய்தது, புற்றுநோய்க் கட்டி கரைந்தது, சர்க்கரை மாத்திரையை நிரந்தரமாக நிறுத்தியாயிற்று என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாம் படி: வாக்குறுதிகளைப் பிரித்து எழுதுங்கள்

விளம்பரத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதலாம். வரலாறு, சண்டை, நோய், பணம் என்று நான்கு தலைப்பு போதும். ஒவ்வொன்றையும் விசாரிக்கும் வழி வேறு. மாஸ்டர்களின் சாமர்த்தியம் நான்கையும் ஒன்றாகக் கலப்பதில்தான் இருக்கிறது. முட்டி வலி குறையும் என்ற நியாயமான வாக்கின் முதுகில் ஏறிக்கொண்டு மற்ற மூன்றும் வீட்டுக்குள் வந்துவிடும்.

மூன்றாம் படி: குருபரம்பரையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

நம் ஆட்களிடம் ஒரு தனிக் கதை ஓடுகிறது. காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போய்த் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுத்தார், அதுதான் தாய்ச்சி, ஆகவே இது நம் சொத்து. இன்னும் சிலர் சித்தர் போகரையும் சேர்த்துக்கொள்வார்கள். கேட்பதற்கு நெஞ்சு நிமிரும். அப்படி நிமிர்ந்த நெஞ்சு அடுத்த கேள்வியைக் கேட்காது என்பதுதான் மாஸ்டருக்கு லாபம்.

போதிதர்மர் 5, 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருடைய சீடராகச் சொல்லப்படும் டான்லின் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறார். 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட இன்னொரு சீனக் குறிப்போ அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அவர் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்ததற்குச் சான்றாகக் காட்டப்படும் நூல் 1624-ஐ ஒட்டித் தோன்றியது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. அந்தக் கதையிலும் தாய்ச்சி வராது.

சீனர்களுக்கும் இப்படி ஒரு பழங்கதை உண்டு. வூடாங் மலைத் துறவி ஜாங் சன்ஃபெங் தாய்ச்சியை உருவாக்கினார் என்பார்கள். சீன வரலாற்றாளர்களே அதை ஏற்பதில்லை. ஆதாரத்தோடு பின்னோக்கிப் போக முடிவது ஹெனான் மாநிலத்து சென் குடும்பத்துக் கிராமம் வரைதான், அதாவது 17-ஆம் நூற்றாண்டு, சென் வாங்டிங். அந்தக் குடும்பத்திடம் கற்ற யாங் லூசான் (1799–1872) அதை பெய்ஜிங்கிற்குக் கொண்டுபோனார். சென், யாங், இரண்டு வூ, சுன் என்று ஐந்து பெரிய குடும்பப் பாணிகள் உண்டு. இன்று பூங்காக்களில் அதிகம் காணப்படும் 24 அசைவு வரிசை பழங்காலத்தது இல்லை. சீன அரசின் விளையாட்டுத் துறை 1956-ல் பொதுமக்களுக்காகத் தொகுத்தது. முழுதாகச் செய்ய ஐந்தாறு நிமிடம் ஆகும். அந்த வரிசையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த 800 ஆண்டு இரகசியம் என்பவரிடம் வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

அப்புறம் வயதுக் கணக்கு. மலேசியாவில் தாய்ச்சியைப் பரப்பியவர்களில் ஹுவாங் ஷெங் ஷியான் பெரிய பெயர். செங் மான்சிங் என்ற தாய்ச்சி ஆசிரியரின் மாணவர். அவர் 1992-ல் காலமானார். இன்று 40 வயதுள்ள ஒருவர் அவரிடமே நேரடியாகப் பல ஆண்டு படித்தேன் என்றால், எந்த வயதில் படித்தார் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். யாங் குடும்பத்துப் பிரபல ஆசிரியர் யாங் செங்ஃபூ மறைந்தது 1936-ல். அவர் பெயரைச் சொன்னால் நடுவில் இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும். அந்த நடு ஆட்களின் பெயரைக் கேளுங்கள்.

பட்டங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சீன வூஷூ சங்கத்துக்கு 1998 முதல் ஒன்பது நிலைத் தரவரிசை இருக்கிறது. அதில் கிராண்ட்மாஸ்டர் என்று தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் நிலை கிடையாது. 2020 ஜூலையில் அந்தச் சங்கமே, "மாபெரும் ஆசான்", "தலைமை வாரிசு", "அசல் வழி" என்றெல்லாம் தங்களை அழைத்துக்கொள்ளக் கூடாது என்று கலைஞர்களைக் கேட்டுக்கொண்டது. கலை பிறந்த ஊரிலேயே இந்த நிலைமை என்றால், பாலாய் ராயா (பொதுமண்டபம்) வாசலில் கட்டிய பேனரைப் பற்றி நான் என்ன சொல்ல!

நான்காம் படி: இலவச வகுப்பில் மாணவர்களின் காலைப் பாருங்கள்

எல்லாருடைய கண்ணும் மாஸ்டரின் கையில் இருக்கும். நீங்கள் விழுகிறவரின் பாதத்தைப் பாருங்கள்.

உண்மையாகவே தள்ளப்பட்டவர் ஒரு காலைப் பின்னால் வைத்துத் தடுமாறுவார், கை காற்றில் எதையாவது தேடும், முகம் கோணும். பழகிப்போன சீடர் இரண்டு காலையும் சேர்த்துப் பின்னோக்கித் துள்ளுவார், பாயில் அழகாக உருளுவார். இரண்டு காலும் ஒன்றாகத் தரையை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் முட்டி முதலில் கொஞ்சம் மடங்க வேண்டும். அந்த மடக்கம் எப்போது நடக்கிறது என்று கவனியுங்கள். மாஸ்டரின் கை வந்து தொடுவதற்கு முன்பே மடங்கினால், துள்ளியது சீடரின் சொந்தத் துள்ளல்.

இதற்காகச் சீடரைப் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது. எல்லாரும் விழும்போது நாம் மட்டும் நட்டுவைத்த மாதிரி நின்றால் குருவுக்கு அவமரியாதை என்ற எண்ணமே போதும், கால் தானாகத் துள்ளும். இப்படி ஆண்டுக்கணக்கில் நடந்தால் மாஸ்டரே தன் சக்தியை நம்பிவிடுவார். ஜப்பானில் யானாகி ரியூகென் என்பவர் தொடாமலேயே சீடர்களைக் கும்பலாக வீழ்த்துவார். 2006-ல் தன் சீடர் அல்லாத ஒரு சண்டை வீரரோடு மேடையேறி, முகத்தில் அடி வாங்கி விழுந்தார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் மேடை ஏறியே இருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜ் டில்மன் கதை இன்னும் வேடிக்கை. தொடாமல் மயக்கும் அவருடைய வித்தை வெளியாள் ஒருவரிடம் பலிக்காதபோது, அந்த ஆள் நாக்கை வாய்க்குள் வேறு மாதிரி வைத்திருந்திருக்கலாம் என்று தொலைக்காட்சியிலேயே விளக்கம் கொடுத்தார்.

தள்ளுவது போக, சில வித்தைகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டுப் போனால் கூட்டத்தில் வாய் பிளக்க வேண்டியிருக்காது.

ஒருவரை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பாதம் முட்டிக்கு முன்னால் இருக்கும்படி உட்கார வையுங்கள். அவர் நெற்றியில் உங்கள் ஒரு விரலை வைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். கையை ஊன்றக் கூடாது. முக்குவார், முனகுவார், எழ முடியாது. எழ வேண்டுமென்றால் முதலில் தலையும் உடம்பும் முன்னால் வந்து எடை பாதத்தின் மேல் இறங்க வேண்டும். அதைத் தடுக்க ஒரு விரல் போதும். எட்டு வயதுப் பிள்ளையும் தாத்தாவை இப்படி உட்கார வைத்துவிடலாம்.

அடுத்தது, ஐந்தாறு பேர் வரிசையாக ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்துத் தள்ள, மாஸ்டர் அசையாமல் நிற்பது. பின்னால் எத்தனை பேர் இருந்தாலும் மாஸ்டருக்கு வந்து சேரும் தள்ளு, முதல் ஆளின் கை தாங்கும் அளவுதான். மிச்சத்தை அவர் உடம்பு வாங்கிக்கொள்கிறது. மாஸ்டர் அந்த முதல் ஆளின் முழங்கையைக் கொஞ்சம் மேலே ஏந்தினால் அதுவும் தளர்ந்துவிடும். லூலு ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கப் பெண் 1880-களில் இதைப் போன்ற வித்தைகளால் பெரிய பெரிய ஆண்களைத் திணறடித்துப் பணம் சம்பாதித்தார். பிறகு எல்லாம் நெம்புகோல் கணக்குதான் என்று தாமே எழுதிவிட்டார்.

உள்ளங்கைச் சூடு, குறுகுறுப்பு எல்லாம் யாருக்கும் வரும். கையைத் தேய்த்துவிட்டு ஒரு சாண் இடைவெளியில் அசையாமல் வைத்து அதையே கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.

ஐந்தாம் படி: சண்டை பேசினால்

முட்டி வலிக்காகப் போகிறவர் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். ஆனால் பையன்களைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் படிக்க வேண்டும்.

2017 ஏப்ரலில் செங்டூ நகரில், தனக்கென்று ஒரு தாய்ச்சிப் பிரிவையே வைத்திருந்த வேய் லேய் என்பவரை சூ சியாவ்டோங் என்ற கலப்புத் தற்காப்பு வீரர் அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். 2020 மே மாதம் ஷாண்டோங்கில், எழுபதை நெருங்கிய மா பாவ்குவோ ஓர் அமெச்சூர் வீரரிடம் அரை நிமிடத்தில் மூன்று முறை விழுந்தார். மூன்றாம் முறை எழவில்லை. இரண்டு காணொளியும் யூடியூபில் இருக்கின்றன. இவற்றைப் பார்த்துத் தாய்ச்சியே சுத்தப் பொய் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அதுவும் அவசரம். விழுந்தவர்கள் தாங்களாகப் பட்டம் சூட்டிக்கொண்டவர்கள், எதிர்க்கும் ஆளோடு பழகாதவர்கள். 1954-ல் மக்காவில் வூ குடும்பத்து வூ கொங்யீ, வெண்கொக்குப் பாணிக்காரர் ஒருவரோடு மேடையில் மோதினார். இரண்டாம் சுற்றில் நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்தார்கள். பழைய படத்தில் பார்த்தால் காற்றில் பறப்பது எதுவும் இல்லை. இரண்டு பேரும் கொஞ்சம் அலங்கோலமாகத்தான் அடித்துக்கொள்கிறார்கள். நிஜச் சண்டை அப்படித்தான் இருக்கும். நான் மேலே சொன்ன ஹுவாங்கும் 1970-ல் தம் 60-ஆம் வயதில் கூச்சிங்கில் ஒரு மல்யுத்த வீரரை 26-க்கு 0 என்று வென்றதாகப் பதிவு உண்டு. அதன் படத்தைப் பார்ப்பவர்கள் இன்றும் இரண்டு கட்சி.

நீங்கள் யாரையும் சண்டைக்குக் கூப்பிட வேண்டாம். உங்கள் வீட்டில் சிலம்பமோ ஜூடோவோ பழகும் பையன் இருந்தால் கூட்டிப் போங்கள். பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள்: "மாஸ்டர், நான் அடிக்க மாட்டேன், சும்மா நிற்கிறேன். என்னையும் அப்படித் தள்ளிக் காட்டுங்களேன்." நல்ல ஆசிரியர் சிரித்துக்கொண்டு வருவார். தள்ளுவார், முடியாவிட்டால் அதையும் சொல்வார். வெளியாளைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து, உன் உடம்பில் அடைப்பு இருக்கிறது, உனக்கு நம்பிக்கை இல்லை என்று மூன்றில் ஒன்று வந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். வர்மம் தொட்டுக் காட்டுகிறேன் என்று வரும் நம் ஆசான்களுக்கும் இதே சோதனைதான்.

ஆறாம் படி: நோய் தீர்ப்பேன் என்றால் அரசாங்கத் தாளைக் கேளுங்கள்

எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். சண்டையில் ஏமாந்தால் வெட்கம், பணத்தில் ஏமாந்தால் வருத்தம். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் கால் போகும். 2019 தேசிய உடல்நல ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் விகிதம் இன்னும் அதிகம். கூட்டத்தில் யாரைத் தொட்டாலும் சர்க்கரை இருக்கும் என்ற நிலையில், "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று நாடி பிடித்துச் சொல்வதற்கு ஞானதிருஷ்டி வேண்டாம்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது வேறு, சிகிச்சை தருவது வேறு. சீன வைத்தியம், சித்தம், ஆயுர்வேதம் போன்றவற்றில் சிகிச்சை தருபவர் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. அதோடு, 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் 20 நோய்களின் பெயரைப் பட்டியலிட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யத் தடை போட்டிருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகம், இருதயம், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, பக்கவாதம், வலிப்பு எல்லாம் அதில் உண்டு. அந்த விளக்குக் கம்பத்துத் தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

வகுப்பு முடிந்ததும் பெரும்பாலும் ஒரு பாட்டில் வெளியே வரும். மூலிகை உருண்டை, வலித் தூள், "சீ தண்ணீர்". பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கின்றனவா பாருங்கள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தாலும் போலிதான். மூட்டு வலிக்கு விற்கும் பதிவில்லாத மருந்துகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரண்டு மூன்று நாளில் வலி மாயமாகும், பசி எடுக்கும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும். அம்மா முகம் செழித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. பாட்டிலோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்).

ஏழாம் படி: பணம்

மாதாமாதம் கட்டணம், நிற்க நினைத்தால் நிற்கலாம், ரசீது உண்டு. இது நேர்மையான ஏற்பாடு. ஆண்டுக் கட்டணத்தை இன்றே கட்டினால் கழிவு, "உள்சீடர்" ஆகத் தனித் தொகை, மூன்று பேரைச் சேர்த்தால் உங்கள் கட்டணம் திரும்பும் என்று பேச்சு திரும்பினால் அது தாய்ச்சி வகுப்பு இல்லை. குருதட்சணை என்ற சொல் வந்ததும் நம் பெரியவர்களுக்குக் கை தானாகப் பைக்குள் போகும். அதனால் முதல் நாள் அம்மாவின் பர்ஸில் அன்றைய செலவுக்கு மட்டும் வைத்து அனுப்புங்கள்.

எட்டாம் படி: மரியாதை குறையாமல் கேட்பது

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது கேள்வி தெரியாததால் அல்ல, கேட்கக் கூச்சப்பட்டதால். வயதில் மூத்தவர், பக்கத்தில் கோயில் தலைவர் வேறு உட்கார்ந்திருக்கிறார், எப்படிக் கேட்பது? கற்றுக்கொள்ள வந்தவராகக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

"மாஸ்டர், நீங்க எந்தப் பாணி சொல்லித் தர்றீங்க? உங்க சிஃபு (குரு) யாரு, எந்த ஊரு?"

"அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். ரொம்ப இறங்கி நிக்காம செய்யலாமா?"

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இதைச் செய்யலாம்தானே?"

மூன்றாவது கேள்விதான் முக்கியம். "கண்டிப்பா சாப்பிடணும்மா, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்று பதில் வந்தால் பாதி விசாரணை முடிந்தது. "அதெல்லாம் விஷம்" என்றால் முழு விசாரணையும் முடிந்தது. நல்ல ஆசிரியர் நீங்கள் கேட்பதற்கு முன்பே இரத்தக் கொதிப்பு உண்டா, அறுவை சிகிச்சை நடந்ததா என்று கேட்பார். முட்டி உள்பக்கம் மடங்கினால் வந்து திருத்துவார். வலித்தால் நிறுத்தச் சொல்வார். வலித்தால்தான் அடைப்பு திறக்கும் என்பவரிடம் முட்டியைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சேர்ந்திருந்தால்

அம்மாவை முட்டாள் என்று பேசிவிட்டால் காரியம் கெட்டது. பிள்ளைகள் சொல்வதை விட, வாரம் இரண்டு முறை பேரைச் சொல்லிக் கூப்பிடும் மாஸ்டரின் சொல்தான் அவருக்குப் பெரிது. பல பேருக்கு அங்கே கிடைப்பது முக்கால்வாசி துணைதான். தோட்டத்து லயத்தில் சுவருக்குச் சுவர் ஆள் இருந்தது, தாமான் வீட்டில் பகலெல்லாம் தொலைக்காட்சி மட்டும். ஆகவே அந்தத் தோழிகளோடு சேர்ந்தே வேறு வகுப்புக்குப் போக வழி பண்ணுங்கள். மாத்திரை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கட்டிய பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது, புலனச் (வாட்ஸ்அப்) செய்திகள், அந்தத் தாளின் போட்டோ எல்லாம் சான்று. இணையத்தில் பணம் அனுப்பி ஆள் மறைந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள். எழுத்து வேலைக்குத் தமிழிலேயே உதவி வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்கலாம்.

நல்ல வகுப்பு எங்கே? காலையில் பாடாங்கிலோ (திடலிலோ) பூங்காவிலோ பாட்டுப் பெட்டி வைத்துச் செய்யும் சீனப் பெரியவர்கள் கூட்டம் இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பட்டமும் இருக்காது, பட்டுடையும் இருக்காது. பின்வரிசையில் நின்று பார்த்துச் செய்யலாம், மொழி தடையில்லை. தட்டையான அடிப்பாகம் உள்ள காலணி போதும், சிலிப்பர் வேண்டாம். முதல் சில வாரம் நாற்காலியோ சுவரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் போகாமல், பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.